நாலு பேர் டென்ட்டும் மாமனார் மம்பட்டியும்

பெட்டியின் மேல் நான்கு மனித உருவங்கள் வரிசையாகப் படுத்திருக்கிற மாதிரி படம் போட்டிருந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் வாங்கினேன். விலை 4,899 ரூபாய். நாலு பேர் டென்ட், இரட்டை அடுக்கு, மழை தாங்கும், எடை மூன்றரைக் கிலோ. எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. இந்த விலைக்கு இணையத்தில் கிடைக்கிற டென்ட்களை வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் தெரிகின்றன. பையின் நிறமும் பெயரும்தான் வேறு. அதனால் நான் சொல்லப்போகும் நல்லது கெட்டது இந்த விலைக்கு வாங்குகிற எவருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஆறு நாள் பயணம். சென்னிமலையில் கிளம்பி ஜோக் அருவி, அங்கிருந்து ஹொன்னாவர் கடற்கரை, பிறகு மங்களூர், கோழிக்கோடு, பாலக்காடு வழியாக வீடு. கார் மீட்டரில் 1,410 கிலோமீட்டர் ஏறியிருந்தது. பதினோரு வருடப் பழைய வேகன் ஆர். உள்ளே நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், பிறகு மாமனார். மூன்று ராத்திரி டென்ட்டில், இரண்டு ராத்திரி லாட்ஜில்.

நான் பெட்ஷீட், போர்வை வியாபாரம் செய்கிறவன். வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறியும் ஓடுகிறது. துணி என்று எது கைக்கு வந்தாலும் முதலில் பிக் கிளாஸ் (இழை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடி) வைத்து எண்ணிப் பார்ப்பது கைப்பழக்கம். பார்சல் வந்த அன்று சாயங்காலமே எண்ணினேன். டென்ட் விளம்பரங்களில் "190டி பாலியஸ்டர்" என்று போட்டிருப்பார்கள். வேறொன்றுமில்லை, ஒரு அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையையும் குறுக்கே ஓடும் ஊடை இழையையும் கூட்டினால் வரும் எண் அது. நான் எண்ணியதில் பாவு 103, ஊடை 83. நாலு இழை குறைகிறது. அதற்காகச் சண்டைக்குப் போக முடியாது, எங்கள் தறியிலும் அந்த அளவுக்கு முன்னே பின்னே வரும். நெசவு சுத்தமாக இருந்தது. கட்டை இழை இல்லை, கரை நேராக இருந்தது. துணிக்கு என் கையிலிருந்து பத்துக்கு எட்டு.

ஆனால் மழையை நிறுத்துவது நெசவு இல்லை. உள்பக்கம் பூசியிருக்கும் பூச்சு. பெட்டியில் "2,000 மி.மீ." என்று போட்டிருந்தார்கள். நண்பர் ஒருவர் அதை மழையளவு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் வரைக்கும் தாங்குமாம்! அது அப்படி இல்லை. துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்போது மறுபக்கம் துளிர்க்கிறது என்கிற கணக்கு அது. இரண்டு மீட்டர் தண்ணீரின் கனத்தைத் தாங்கும் துணிக்கு மேலிருந்து விழுகிற மழை ஒரு பொருட்டில்லை. கூரைக்கு அது போதும். தரைக்குத்தான் போதாது. நனைந்த மண்மேல் டென்ட் போட்டு, உள்ளே ஒருவர் முழங்காலை ஊன்றி எழுந்தால், அந்த ஒரு சாண் இடத்தில் விழுகிற அழுத்தம் வேறு. கூரைக்கு ஓர் எண், தரைக்கு அதைவிடப் பெரிய எண் என்று இரண்டாகப் போட்டிருந்தால் அந்த டென்ட்டை யோசிக்காமல் வாங்கலாம். என் பெட்டியில் ஒரே எண்தான். அதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மொட்டை மாடியில் போட்டுப் பார்த்தோம். மகள் யூடியூபில் ஒரு தடவை பார்த்துவிட்டு பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். இரண்டு கம்பியைக் குறுக்காக வளைத்துச் செருக வேண்டியதுதான், கஷ்டமே இல்லை. ஓஸ் பைப்பை வைத்துக் கால் மணி நேரம் தண்ணீர் அடித்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. சென்னிமலை மொட்டை மாடியில் கால் மணி நேரம் தாங்கியதை வைத்து மலைநாட்டு மழைக்குப் போய் நின்றது என் தப்பு.

பண்ணாரி சோதனைச்சாவடியில் இரவுத் தடை காலை ஆறு மணிக்குத்தான் முடியும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரிசையில் நின்றோம். திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவையும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே ஏறி, ஆசனூரில் மாமனாரை ஏற்றிக்கொண்டோம். அவருக்குத் தாளவாடிப் பக்கம். கையில் ஒரு மஞ்சப்பை, ஒரு சாக்கு, பிறகு காம்பைக் குட்டையாக அறுத்த ஒரு மம்பட்டி.

"எதுக்குங்க மாமா மம்பட்டி?"

"மண்ணுல படுக்கப் போறமில்லைங்க மாப்ளே? அப்பறம் மம்பட்டி இல்லாம எப்படிங்க?"

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு வயது. ராகிக் காட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் யானை, பன்றிக் காவலாக முப்பது வருடத்துக்கு மேல் பரண்மேல் படுத்தவர். நாங்கள் ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து ஆசைப்படுகிற காரியம் அவருக்கு வருடத்தில் நான்கு மாத வேலை. டிக்கியில் டென்ட் பை இருந்த இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மம்பட்டியை அதன் மேல் வைத்தார்.

மைசூர், அரசிகெரே, கடூர் எல்லாம் சாலையில் போய்விட்டன. முதல் ராத்திரி சிவமொக்காவில் லாட்ஜ். இரண்டாம் நாள் மதியம் சாகர தாண்டி தாளகுப்பா பக்கம் ஒரு பாக்குத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. வீட்டின் ஒரு பக்கத்தில் தங்கும் அறைகள், மறுபக்கத்தில் பாக்கு காயப்போடுகிற பெரிய களம். களத்தின் ஓரமாக டென்ட் போட்டுக்கொள்ள ஒரு டென்ட்டுக்கு 300 ரூபாய், கழிவறையும் சேர்த்து. என் மனைவி தாளவாடியில் வளர்ந்தவள், கன்னடம் அவளுக்கு அக்கம்பக்கத்துப் பேச்சு. தோட்டக்கார அம்மாவிடம் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டாள். அவர்கள் பால் ஊற்றிக் கொடுத்த கஷாயத்தையும், சாகரயில் வாங்கிய தொடதேவையும் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தொடதேவு என்பது கரும்புச்சாற்றையும் அரிசி மாவையும் கரைத்து, கவிழ்த்துப் போட்ட சூடான பானையின் முதுகில் மெழுகி எடுக்கிற இனிப்பு. ஏடு மாதிரி மெல்லியது. துணிக்காரனான எனக்கு அதைக் கையில் வாங்கியபோது மஸ்லின் ஞாபகம்தான் வந்தது.

சரி, டென்ட்டுக்கு வருகிறேன்.

முதல் தகராறு முளை. பெட்டியில் பன்னிரண்டு இரும்பு முளைகள் கொடுத்திருந்தார்கள். சைக்கிள் கம்பி கனம்தான், ஒரு சாண் நீளம். அந்த ஊர் மண் செம்புரை மண். மேலே நாலு விரல் பொதபொதவென்று இருக்கும், அதன் கீழே செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். முதல் ஐந்தில் நாலு முளை வளைந்துவிட்டன. நான் கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமனார் தோட்டக்காரரிடம் ஒரு மூங்கில் துண்டைக் கேட்டு வாங்கி, அரிவாளால் பிளந்து, முனை சீவிப் பத்து முளைக்குச்சி செய்துவிட்டார். ஆட்டுக்குட்டி கட்டுகிற அதே குச்சி. அவை கடைசி நாள் வரை வளையவும் இல்லை, பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. இணையத்தில் கனமான முளை தனியாக விற்கிறார்கள், எட்டு முளை அறுநூறு ரூபாய்க்குப் பார்த்தேன். மூங்கில் சும்மா கிடைத்தது.

அடுத்தது இடம். தரை 210 செ.மீ. நீளம், 210 செ.மீ. அகலம். நாலு பேரால் வகுத்தால் தலைக்கு ஐம்பத்திரண்டரை செ.மீ. வரும். ஒன்றேமுக்கால் அடி. ரயிலில் பக்கவாட்டு பெர்த்தாவது இதைவிட அகலம். தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கின மாதிரி படுத்தால் நாலு பேர் கொள்ளும், புரண்டு படுக்கிறதானால் எல்லோரும் சேர்ந்து புரள வேண்டும். பைகள் காரிலேயே இருந்தன, செருப்பு வெளியே. மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது மூணு பேருக்கே நெருக்கமுங்க, நான் திண்ணைல படுத்துக்கறேன்" என்று களத்தை ஒட்டிய திண்ணைக்குப் போய்விட்டார். ஆக, பெட்டியில் நாலு என்று போட்டிருந்தால் மூன்று என்று படியுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் இரண்டு.

படுக்கப் போகும் முன்பு மாமனார் மம்பட்டியை எடுத்தார். டென்ட்டைச் சுற்றி நாலு விரல் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஆழமாக, பள்ளத்துப் பக்கம் ஒரு வாய் திறந்து. களத்துக்காரர் என்ன சொல்வாரோ என்று எனக்குக் கூச்சம். அவரோ வந்து நின்று பார்த்துவிட்டு, வானத்தைக் காட்டி மழை வரும் என்று மட்டும் சொன்னார். காலையில் மூடிவிட வேண்டும் என்றும் சொன்னார். மூடினோம். வாய்க்கால் வெட்டுவதானால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

மழை பத்தரைக்குப் பிடித்தது.

எங்கள் ஊர் மழை கோபக்காரன் மாதிரி. வரும், அடிக்கும், போய்விடும். அந்த ஊர் மழை அப்படியில்லை. வேலைக்கு வந்தவன் மாதிரி நிதானமாக ஆரம்பித்து, விடியற்காலை வரை ஒரே சீராகச் செய்துகொண்டிருந்தது. அங்கே பாக்குக் குலைக்கே மழைக்கோட்டு போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து நனைந்தால் காய்க்கு 'கொளெரோகம்' என்கிற அழுகல் நோய் வந்து உதிர்ந்துவிடும். அதனால் முன்பெல்லாம் பாக்கு மட்டையால் தொப்பி மாதிரி செய்து குலைக்கு மேல் கட்டினார்கள், இப்போது பிளாஸ்டிக் உறை. மறுநாள் தோட்டத்தில் அண்ணாந்து பார்த்தபோது, மரத்துக்கு மரம் குலைகள் குடை பிடித்துக்கொண்டு நின்றன.

ராத்திரி ஒரு மணிக்கு மகள் எழுப்பினாள். "அப்பா, மேலேயிருந்து சொட்டுது." டார்ச் அடித்தால் நிஜமாகவே உள்கூரையில் ஈரம். அந்த நேரத்தில் நிறுவனத்துக்கு எழுதிய ஒரு நட்சத்திர விமர்சனம் இப்போதும் என் போனில் அனுப்பாமல் கிடக்கிறது. அனுப்பாததற்குக் காரணம் உண்டு. வெளி அடுக்கின் உள்பக்கத்தைக் கையால் தடவினேன். தையல் ஓரமாக மட்டும் இல்லாமல் எங்கும் ஒரே சீராகப் பொடிப்பொடியாகத் துளி. ஒழுகலானால் ஓர் இடத்தில் கோடு போட்டு வரும். இது எங்கள் மூச்சு. மூன்று பேர் மூடிய துணிக்குள் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு வேர்த்திருக்கிறது, சோற்றுப் பானை மூடி மாதிரி. மழைக்குப் பயந்து மேலே இருந்த காற்றுத் துவாரம் இரண்டையும் நானே இழுத்து மூடி வைத்திருந்தேன். அவற்றைத் திறந்து, வெளி அடுக்கின் கயிறுகளை இழுத்துக் கட்டி, இரண்டு அடுக்குக்கும் நடுவே ஒரு கை இடைவெளி விட்டதும் சொட்டுவது நின்றது. கயிறு தளர்ந்து வெளித்துணி உள்துணியைத் தொட்டால் ஈரம் ஊடுருவும். அதுதான் விஷயம்.

பாலியஸ்டர் என்பதில் ஒரு நன்மையும் உண்டு. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும், நைலான் நாலு சதவீதம், பாலியஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. நைலான் டென்ட் நனைந்தால் தொய்யும், நடு ராத்திரியில் எழுந்து கயிறு இழுக்க வேண்டும். இது அவ்வளவாகத் தொய்யவில்லை. பழைய கித்தான் கூடாரங்கள் பருத்தி. நனைந்ததும் நூல் உப்பிக் கண்ணை அடைத்துக்கொள்ளும், அதுவே மழையை நிறுத்தும். ஆனால் உள்ளேயிருந்து விரல் வைத்துவிட்டால் அந்த இடத்தில் சொட்ட ஆரம்பிக்கும். என்.சி.சி. முகாமில் விரல் வைத்து அடி வாங்கியவர்களுக்கு இது தெரியும்.

கூரை தப்பித்தது. தரை தப்பிக்கவில்லை. மூன்று மணிக்கு என் மனைவி பக்கத்து மூலையில் நிஜமான தண்ணீர். காலையில் கவிழ்த்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. வெளி அடுக்கின் தையல்களுக்கெல்லாம் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறார்கள். தரைத் துணியும் சுவரும் சேருகிற மூலைத் தையலுக்கு ஒட்டவில்லை. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குழாய்தானே. ஒரு அங்குலத்துக்கு ஏழு எட்டுத் தையல் விழுந்தால், நாலு மூலைக்கும் சேர்த்து எத்தனை ஓட்டை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டேப் ஒட்ட அவர்களுக்கு மிஞ்சிப்போனால் முப்பது ரூபாய் கூட ஆகியிருக்குமா? இந்த விலைக்கு இதை மன்னிக்க எனக்கு மனமில்லை. நானே பெட்ஷீட்டின் கரையை மடிக்காமல் அனுப்பினால் வாங்கினவர் சும்மா விடுவாரா?

அந்த ராத்திரி நாங்கள் முழுக்க நனையாததற்கு மாமனாரின் வாய்க்கால்தான் காரணம். காலையில் அதில் செந்தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் அவ்வளவும் தரைக்கு அடியில் போயிருக்கும். அவர் சாக்கை மடித்து, மழைக்குத் தலைமேல் கவிழ்க்கிற கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, காபி டம்ளரோடு நின்று வாய்க்காலையே பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது.

அன்று காலை ஜோக்.

அருவிக்குப் போகிறோம் என்றால் நம் ஆட்கள் மனதில் வருவது குற்றாலம். தலையைக் கொடுப்பது, முதுகைக் காட்டுவது, நசநசவென்று எண்ணெய்த் தலையோடு வெளியே வந்து பஜ்ஜி தின்பது. குற்றாலத்திலேயே இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை. அது தெரியாமலோ, தெரிந்தும் ஒரு நப்பாசையிலோ மாமனார் மஞ்சப்பையில் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் சீயக்காய்ப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். பார்வை மேடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்குப் புரிந்தது. அருவி எதிர்ப்பக்கத்துப் பாறையில், நடுவே ஒரு பெரும் பள்ளத்தாக்கு. 253 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்குத் தலையைக் கொடுக்க யாராலும் முடியாது. பாட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பைக்குள் தள்ளினார். "இது சாமி மாதிரிங்க மாப்ளே, தள்ளி நின்னுதான் கும்பிடோணும்."

கும்பிடுவதற்கும் சாமி உடனே கதவைத் திறக்கவில்லை. நாங்கள் போனபோது ஒன்றுமே தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகப் பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது, நூறு தறி ஒரே கொட்டகையில் ஓடுகிற இரைச்சல், ஆனால் தடதடப்பு இல்லாமல். முக்கால் மணி நேரம் நின்றோம். பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் சலித்துப்போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பின. மகள் வேர்க்கடலை வாங்கி வந்தாள். கடலை தீருகிற நேரத்தில் ஒரு காற்று அடித்து, திரையை ஒதுக்கின மாதிரி பனி ஒரு பக்கமாக விலகியது. நாலு அருவியும் ஒன்றாகத் தெரிந்தன.

ஷராவதி ஆறு விளிம்புக்கு வரும்போதே பிரிந்துதான் விழுகிறது. ராஜா, ரோரர், ராக்கெட், ராணி என்று பெயர். ராஜா எங்கும் தொடாமல் நேராக விழுகிறது. ரோரர் பாறைச் சந்தில் முட்டி மோதிக் கத்திக்கொண்டே வந்து ராஜாவோடு சேர்ந்துகொள்கிறது. ராக்கெட் சீறிச் சீறிப் பாய்கிறது. ராணி மட்டும் பாறைமேல் சேலை உலர்த்தின மாதிரி வழிந்து இறங்குகிறது. என் மனைவிக்கு ராணி. எனக்கு ரோரர், ஏன் என்று தெரியவில்லை. ஆறேழு நிமிடம் இருக்கும். மறுபடி மூடிக்கொண்டது. அந்த ஆறேழு நிமிடத்தில் நான் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. மகள் எடுத்ததில் பாதி, பனியும் அவள் தாத்தாவின் தலையும்.

கோடையில் போய்விட்டு "ஜோக் ஒன்றுமில்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. மேலே லிங்கனமக்கி அணை 1964இல் கட்டியது. ஆறு முதலில் அணைக்குப் போய், பிறகு மின்சாரமாகிறது. ஷராவதி மின்நிலையம் மட்டும் 1,035 மெகாவாட், ஜோக்கிலேயே 1948இலிருந்து ஓடுகிற மகாத்மா காந்தி மின்நிலையம் தனி. தறிக்காரனுக்கு மெகாவாட் என்றால் காது நீளும், குறை சொல்ல வாய் வராது. ஆனால் அருவியைப் பார்ப்பதானால் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். அணை நிரம்பி மதகு திறக்கிற வருடமானால் இன்னும் விசேஷம். அடிவாரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் படிகள் இறங்குகின்றன, மழைக்காலத்தில் அந்த வழியை மூடிவிடுவார்கள். எங்களுக்கும் மூடியிருந்தது. மாமனாரின் முழங்காலுக்கு அது நல்லதாகப் போயிற்று.

அட்டை பற்றி ஒரு வார்த்தை. அந்த மழையில் புல் இருக்கிற இடமெல்லாம் அட்டை. டென்ட்டின் கொசு வலை நன்றாக நெய்த வலை, ஜிப்பும் கடைசி வரை மக்கர் செய்யவில்லை, அதனால் உள்ளே ஒன்றும் நுழையவில்லை. ஆனால் செருப்பில் ஏறி உள்ளே கூட்டிக்கொண்டு போவது நாம்தான். வாசலில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொள்ள இந்த டென்ட்டில் முன் தாழ்வாரம் என்று ஒன்றும் இல்லை. இன்னொரு ஆயிரம் ரூபாய் போட்டால் தாழ்வாரம் வைத்தது கிடைக்கிறது. மழை ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஆயிரத்தைப் போடுங்கள். ஒட்டிக்கொண்ட அட்டை விழ உப்போ சுண்ணாம்போ போதும், மாமனாரின் வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு எப்போதும் உண்டு.

அன்று மதியம் சாகரக்குத் திரும்பிப் போய், ஹார்டுவேர் கடையில் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி தார்ப்பாய் ஒன்று வாங்கினோம். நீல நிறம், 650 ரூபாய். இரண்டாம் ராத்திரி அதை டென்ட்டுக்கு அடியில் விரித்தோம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதையும் மாமனார்தான் சொன்னார். தார்ப்பாய் டென்ட்டை விட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மேலே விழுகிற மழையை அதுவே பிடித்து டென்ட்டுக்கு அடியில் கொண்டுபோய்த் தேக்கும். டென்ட் விளிம்புக்கு நாலு விரல் உள்ளே அடங்குகிற மாதிரி ஓரத்தை மடித்துவிட வேண்டும். மடித்தோம். அதற்கு மேல் கோரைப்பாய், அதற்கு மேல் எங்கள் கடைச் சென்னிமலைப் பெட்ஷீட். அன்றைக்கும் மழைதான், மூலையில் ஒரு சொட்டு இல்லை. மனைவி குறட்டை விட்டாள். நான் தூங்கவில்லை, ஒழுகுகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே படுத்திருந்தேன்.

நான்காம் நாள் மலை இறங்கினோம். ஜோக்கிலிருந்து ஹொன்னாவர் அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் கெர்சொப்பா மலைப்பாதையில் மழையும் லாரியும் சேர்ந்து மூன்று மணி நேரம் ஆனது. கடற்கரைத் தென்னந்தோப்பில் ஒரு வீட்டுக்காரர் இடம் கொடுத்தார். மழை இல்லை, காற்று. தோப்பில் டென்ட் போடுகிறவர்கள் முதலில் மேலே பார்க்க வேண்டும். தேங்காய் விழுந்தால் 2,000 மி.மீ. எல்லாம் உதவாது. மரங்களைத் தாண்டி மணலில் போட்டோம். மணலில் எந்த முளையும், மூங்கிலானாலும், நிற்காது. கேரி பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் அசையாமல் நிற்கும். இது மகள் யூடியூபில் பார்த்தது. மாமனார் புதைத்துவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது. கிளம்பும்போது பைகளைத் தோண்டி எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

நள்ளிரவுக் காற்றில் ஒரு கம்பி போய்விட்டது. கண்ணாடியிழைக் கம்பி, எட்டரை மில்லிமீட்டர் கனம். முறியவில்லை. நீளவாக்கில் வெடித்து முடி முடியாகப் பிரிந்துகொண்டது. அதை வெறும் கையால் தொட்டேன், சிலாம்பு ஏறி இரண்டு நாள் விரல் கடுத்தது. கைத்துணி சுற்றிக்கொண்டு தொடுங்கள். வெடித்த இடத்தில் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றினோம். இப்படி ஆனால் போட்டுக்கொள்ள ஒரு சின்னக் குழாய்த் துண்டைப் பெட்டியிலேயே வைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்களாம். எங்கள் பெட்டியில் ஒரு நன்றி அட்டை இருந்தது.

குறையை நிறுவனத்துக்கு எழுதினேன். மூலைத் தையலின் படம், கம்பியின் படம் இரண்டையும் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து பதில் வந்தது, வாங்கிப் பத்து நாள் ஆகிவிட்டதால் மாற்றித் தர முடியாது, கம்பி மட்டும் 450 ரூபாய்க்குத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று. மூலைத் தையலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நானே சிலிக்கான் சீலண்ட் வாங்கி நாலு மூலைக்கும் பூசினேன் என்று எழுத ஆசை. ஆனால் பூசிய பிறகுதான் தெரிந்தது, இந்தப் பூச்சுக்குப் பாலியூரித்தேன் சீலண்ட் பூச வேண்டும், சிலிக்கான் சரியாக ஒட்டாது. உரித்துவிட்டு மறுபடி பூசினேன். இப்போது தண்ணீர் வரவில்லை. மொட்டை மாடியில், ஓஸ் பைப்பில், இந்தத் தடவை இரண்டு மணி நேரம்.

இன்னொன்று. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்பூச்சு வெந்து பிசுபிசுவென்று உரியும், நாறும். பக்கத்துத் தெரு பையன் ஒருவனின் டென்ட் அப்படித்தான் வீணாயிற்று. வீட்டுக்கு வந்த அன்றே விரித்து, நிழலில் இரண்டு நாள் காய வைத்தேன். வெயிலில் வேண்டாம், பாலியஸ்டர் நாளாவட்டத்தில் இற்றுப்போகும். சோப்புத் தூளும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

வாங்கலாமா என்று கேட்டால், ஏலகிரி, ஏற்காடு பக்கம் ஜனவரியில் ஒரு ராத்திரி தங்குகிற மூன்று பேருக்கு இது போதும், தாராளமாக வாங்குங்கள். மழைக்காலத்தில் அருவி தேடிப் போகிறவர்கள் இந்த 4,899க்கு மேல் இன்னும் இரண்டாயிரம் சேர்த்து, தரைத்தையலுக்கு டேப் ஒட்டினதா, தாழ்வாரம் உண்டா, தரைக்குத் தனி எண் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வேறொன்று வாங்குவதே நல்லது. ஐந்துக்கு நான் கொடுப்பது இரண்டரை. அந்த அரை, வலைக்கும் ஜிப்புக்கும்.

திரும்பும் வழியில் மாமனாரிடம் கேட்டேன். "காட்டுக் காவலுக்கு இந்த டென்ட்டை வேணும்னா வெச்சுக்கங்க மாமா." அவர் நிஜமாகவே யோசித்தார். "வேண்டாமுங்க. யானை வந்தா எந்திரிச்சு ஓடோணும். இதுல ஜிப்பைத் தேடிட்டு உக்காந்திருக்கோணும்."

போன வாரம் அக்கா மகன் கொல்லிமலைக்குப் போக டென்ட்டைக் கேட்டு வாங்கிப் போனான். தார்ப்பாயையும் மூங்கில் முளைக்குச்சி பத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். மம்பட்டி எங்கே என்று கேட்டான். அது கோயம்புத்தூரில் மாமனாரோடு சத்தியமங்கலம் பஸ் ஏறி அன்றைக்கே தாளவாடி போய்விட்டது.